நோயும் எண்ணும் – 9: புத்தளத்துக் கரையில் 450 பேர்

1, 47, 2, 3, 0, 2, 2, 1, 0, 2.

சுகாதார ஆய்வொன்றின் தரவுக் கோப்பைத் திறந்தால் மனிதர்கள் இப்படித்தான் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு வரி. மேலே உள்ளது விளக்கத்துக்காக நான் எழுதிய வரி, யாருடையதும் அல்ல. முதல் எண் வரிசை இலக்கம். வயது 47. அடுத்த 2 என்றால் பெண். 3 என்றால் கணவனை இழந்தவர். 0 என்றால் வேலை இல்லை. அதற்குப் பிறகு வருபவை கடந்த நான்கு வாரங்களில் உடம்பு படுத்திய பாடு: முதுகுவலி பெரிதும், தலையிடி பெரிதும், தலைச்சுற்று கொஞ்சம், நெஞ்சுவலி இல்லை, நெஞ்சுப் படபடப்பு பெரிதும்.

இப்படி 450 பேரைக் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்றைத்தான் இந்த வாரம் பிரித்துப் பார்க்கப்போகிறோம். இடம் புத்தளம் மாவட்டம். ஆண்டு 2011.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய கதை வாசகர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் 2 மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி, பாலாவி என்று களப்பைச் சுற்றிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களுக்கு அங்கேயே 20 வருடம் ஓடிவிட்டது. பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கே கலியாணம் கட்டி, 'அகதி' என்ற பட்டத்தைத் தாய் தகப்பனிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களுடைய மனநலத்தை முறையாக அளந்து பார்த்த ஆய்வுக்குக் 'கொம்ரெய்ட்' என்று பெயர். செஸ்மல் சிறிவர்தன முன்னின்று நடத்த, அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன, லண்டனைச் சேர்ந்த ரொபேர்ட் ஸ்டுவர்ட் ஆகியோர் உடனிருந்தார்கள். 141 குடியிருப்புகளிலிருந்து 18 முதல் 65 வயது வரையான 450 பேரை எழுமாற்றாகத் தெரிந்தெடுத்துக் கேள்வி கேட்டார்கள். முடிவுகள் 2013இல் 'ப்ளொஸ் வன்' ஆய்விதழில் வந்தன. 18.8 வீதமானோருக்குப் பொதுவான மனநோய்களில் ஏதோ ஒன்று இருந்தது. அதைப் பிரித்தால்: உடல் உபாதைகளாக வெளிப்படும் நோய் 14.0 வீதம், கடும் மனச்சோர்வு 5.1, ஏனைய மனச்சோர்வு நிலைகள் 7.3, பதகளிப்பு 1.3. தனியாக அளந்த மனவடு நோய் 2.4 வீதம்.

பிரித்த நான்கையும் கூட்டிப் பாருங்கள். 27.7 வருகிறது, 18.8 வரவில்லை. அச்சுப் பிழை இல்லை. ஒரே ஆளுக்கு முதுகுவலியும் இருக்கும், மனச்சோர்வும் இருக்கும். அவர் இரண்டு இடத்திலும் எண்ணப்படுவார், மொத்தத்தில் ஒரு தடவைதான். இதைக் கவனியாமல் கூட்டி, 'நான்கில் ஒருவருக்கு மேல் மனநோய்' என்று தலைப்புப் போடுவது பத்திரிகைக்காரர்கள் செய்யக்கூடிய காரியம்தான்.

இனி அந்த 14 வீதத்துக்குள் இறங்குவோம். ஆய்வு பயன்படுத்திய வினாக்கொத்து ரொபேர்ட் ஸ்பிட்சரும் கூட்டாளிகளும் 1999இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'பி.எச்.கியூ.'. அதில் உடல் உபாதைகள் 13. ஒவ்வொன்றுக்கும் பதில் மூன்றில் ஒன்று: தொந்தரவு இல்லை 0, கொஞ்சம் 1, பெரிதும் 2. இந்த 13இல் குறைந்தது மூன்று 'பெரிதும்' இருந்து, அவற்றுக்குப் போதிய உடல்ரீதியான காரணமும் இல்லையென்றால் அந்த ஆள் நோய்க் கணக்கில் சேருவார். மேலே எழுதிய 47 வயதுப் பெண்ணைப் பாருங்கள். காட்டிய ஐந்து உபாதைகளிலேயே மூன்று 2 இருக்கின்றன. அவர் உள்ளே. கடைசி எண்ணை 2இலிருந்து 1 ஆக்குங்கள், வெளியே போய்விடுவார். கேள்வி கேட்டவர் வாசலில் நின்றுகொண்டு கேட்டாரா, பாயில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி கேட்டாரா, மாமியார் பக்கத்தில் இருந்தாரா என்பதெல்லாம் அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் புகுந்துவிடக்கூடிய விடயங்கள். கணினிக்கு 2 என்றால் 2தான்.

'போதிய உடல்ரீதியான காரணம் இல்லையென்றால்' என்ற நிபந்தனை இன்னும் சிக்கலானது. கற்பிட்டியில் வெங்காயத் தோட்டங்களில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் கூலிப் பெண்ணுக்கு முதுகு உளையாமல் என்ன செய்யும்? அது மனநோயா, வேலைநோயா?  அதைத் தீர்மானித்து எழுதுவது மனிதர். எழுதியதை நம்புவது மென்பொருள்.

மனச்சோர்வுப் பகுதியில் வேறொரு பொறி. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அறிகுறிகள் 'பாதி நாட்களுக்கு மேல்' இருக்கவேண்டும், முதல் இரண்டில் ஒன்றாவது அவற்றில் இருக்கவேண்டும். அப்போதுதான் கடும் மனச்சோர்வு. ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் விதிவிலக்கு: செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் 'சில நாட்கள்' வந்திருந்தாலே அதை ஓர் அறிகுறியாக எண்ணவேண்டும். ஒன்பதுக்கும் ஒரே கட்டளையை எழுதி ஓடவிடும் மாணவர் ஆபத்தில் இருக்கும் ஆட்களையே கணக்கிலிருந்து தவறவிடுவார். மென்பொருள் எச்சரிக்காது. கட்டளையில் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பில் காட்டும், யோசனையில் பிழை இருந்தால் அழகான அட்டவணை தரும்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டுப் பல கடிதங்கள் வருகின்றன. சுருக்கமாகச் சொல்கிறேன். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த எஸ்.பி.எஸ்.எஸ். சுட்டியால் அழுத்தி வேலை செய்ய வசதியானது, விலை கூடியது. 1985இல் வந்த ஸ்டேட்டா கொள்ளைநோயியல்காரர்களின் செல்லப்பிள்ளை, அதற்கும் காசு வேண்டும். ஒக்லாந்தில் ரொஸ் இஹாகாவும் ரொபேர்ட் ஜென்டில்மனும் 1990களில் தொடங்கிய ஆர் இலவசம், எல்லாம் செய்யும், முதல் மாதம் மட்டும் அழவைக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எபி இன்ஃபோவும் இலவசம்; சின்ன ஆய்வுக்கு அது போதும். நான்கும் ஒரே விடையைத்தான் தரும். திருட்டுப் பிரதி போட்டு வைரஸ் வாங்குவதைவிட ஆர் படிப்பது மேல்.

எதில் போட்டாலும் முதல் நாள் செய்யவேண்டிய வேலை ஒன்று: விடுபட்ட பதில்களைத் தேடுவது. பதில் தெரியாதவர்களுக்கு 99 என்று போடுவது நம்மவர் வழக்கம். படித்த வருடங்களைப் பற்றி 450 பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். உண்மைச் சராசரி 8 வருடம். 9 பேரின் பதில் தெரியவில்லை, 99 என்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் சராசரி கேட்டால் மென்பொருள் 9.8 என்று சொல்லும். ஒன்பது பேர் சேர்ந்து ஊரையே கிட்டத்தட்ட இரண்டு வகுப்பு ஏற்றிவிடுவார்கள்.

அடுத்தது 141 என்ற எண். வாசிக்கும்போது எல்லோரும் தாண்டிப்போகும் எண் அது. எனக்கு இந்த ஆய்விலேயே பிடித்த எண் அதுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான் சரிவரும். இங்கே இருப்பவை 141 பானைகள். மன்னார் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் ஓரிடத்தில், யாழ்ப்பாண நகரத்திலிருந்து வந்தவர்கள் வேறிடத்தில். ஒரு குடியிருப்புக்குக் குடிநீர் வந்திருக்கும், மற்றதற்கு வந்திருக்காது. ஒரே குடியிருப்பில் இருப்பவர்களின் பாடு ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஆகவே ஒரே இடத்தில் பத்துப் பேரைக் கேட்பது பத்துப் புதிய செய்திகளைத் தராது.

புள்ளிவிபரவியலில் இதற்கு எளிய கணக்கு உண்டு. ஓரிடத்தில் கேட்ட ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். ஒற்றுமை 0.05 என்று வைப்போம். அலைச்சலுக்குச் சோம்பி 10 குடியிருப்புகளில் தலா 45 பேரைக் கேட்டிருந்தால் விடை 3.2. 450ஐ இதனால் வகுத்தால் 140 சொச்சம். அதாவது 450 பேரைக் கேட்டும் 140 பேரைக் கேட்ட பலன். 141 இடங்களில் பரவலாகக் கேட்டதால் சராசரி ஓரிடத்துக்கு மூன்று பேர், விடை 1.1. இழப்பு மிகக் குறைவு. மணலில் சைக்கிள் உருட்டிக் குடியிருப்புக்குக் குடியிருப்பு போவது எவ்வளவு அலுப்பு என்று கற்பிட்டிக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். அந்த அலுப்புத்தான் எண்ணுக்குப் பலம்.

இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். 18.8 வீதத்தை 0.188 என்று எழுதுங்கள். அதை 0.812ஆல் பெருக்கி, 450ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 0.0184 வரும், அதுதான் நியம வழு. 1.96ஆல் பெருக்கினால் 3.6 வீதம். 18.8இலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால் 15.2 முதல் 22.4 வரை. ஆய்வாளர்கள் அச்சிட்ட 95 வீத நம்பிக்கை ஆயிடை 15.2 முதல் 22.5 வரை. கைத்தொலைபேசிக் கணிப்பானும் ஆய்வுக்கூடக் கணினியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. 10 இடங்களில் மட்டும் கேட்டிருந்தால் உண்மையான ஆயிடை இதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு அகன்றிருக்கும். ஆனால் மென்பொருளிடம் குடியிருப்புப் பற்றிச் சொல்லாவிட்டால் அது இதே 15.2, 22.4ஐத்தான் தந்திருக்கும். கூசாமல் தந்திருக்கும்.

இன்னொரு சின்ன விடயம், இது என் பொழுதுபோக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். 450இல் 84 பேர் என்றால் 18.7 வீதம். 85 பேர் என்றால் 18.9 வீதம். 18.8 வருவதற்கு வழியே இல்லை. ஆக ஒன்று, சிலரின் பதில் முழுமையாக இல்லாமல் வகுக்கும் எண் 450இலும் குறைந்திருக்கவேண்டும். அல்லது ஆளுக்கு ஆள் எடையிட்டுக் கணக்குப் பார்த்திருக்கவேண்டும். இரண்டுமே ஒழுங்கான நடைமுறைகள்தான். வீதத்தை ஆட்களாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அட்டவணைக்குப் பின்னால் நடந்த வேலை இப்படித் தெரியவரும்.

யாருக்கு நோய் கூட என்ற கேள்விக்கு ஆய்வு ஒட்ஸ் விகிதத்தில் பதில் சொல்கிறது. வேலை இல்லாதோருக்கு 2.8, விதவைகள், மணமுறிவு ஏற்பட்டோருக்கு 4.9, சாப்பாட்டுக்கு உறுதியில்லாதோருக்கு 1.7. இதைப் பார்த்ததும் 'விதவைகளுக்கு நோய் ஐந்து மடங்கு' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். மற்றவர்களில் 15 வீதமானோருக்கு நோய் என்று வைப்போம். 15க்கு எதிர் 85, ஒட்ஸ் 0.176. அதை 4.9ஆல் பெருக்கினால் 0.865. மீண்டும் வீதமாக்கினால் 46. மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அல்ல. நோய் அரிதாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், ஐந்தில் ஒருவருக்கு இருக்கும்போது ஆகாது. 4.9இன் ஆயிடை 2.3 முதல் 10.1 வரை போகிறது என்பதையும் பாருங்கள். அப்படி அகலும்போது 4.9 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அர்த்தமில்லை. பாதிப்பு பெரிது என்பது உறுதி, எவ்வளவு பெரிது என்பது உறுதியில்லை. சாப்பாட்டின் ஆயிடை 1.0இல் தொடங்குகிறது. 1 என்றால் வித்தியாசமே இல்லை. விளிம்பில் நிற்கும் முடிவு அது.

வேலையில்லாததால் நோயா, நோயால் வேலை போனதா என்பது இன்னொரு தலையிடி. ஒரே நாளில் இரண்டையும் கேட்ட ஆய்வு அதற்குப் பதில் சொல்லாது.

ஒரு வருடம் கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் போனார்கள். 2015இல் 'பி.எம்.சி. சைக்கியாட்ரி' இதழில் வந்த அந்தத் தொடர் ஆய்வுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. 450 பேரில் 338 பேரை மீண்டும் பிடித்தார்கள். வடக்குக்குத் திரும்பியவர்களிலிருந்து புதிதாக 228 பேரையும் கேட்டார்கள். புத்தளத்திலேயே இருந்தவர்களிடம் நோய் 18.8இலிருந்து 8.6 வீதமாகக் குறைந்திருந்தது. திரும்பியவர்களிடம் 10.3. திரும்பலாம் என்ற நம்பிக்கையே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

வாசித்ததும் நமக்கு வரவேண்டிய கேள்வி: மீதி 112 பேர் எங்கே? நோய் கூடியவர்கள்தான் கைக்கு எட்டாமல் போனார்கள் என்றால் இந்த வீழ்ச்சி வெறும் மாயை. கணக்குப் போடுவோம். 338இல் 8.6 வீதம் என்றால் 29 பேர். முதல் வருடம் ஏறத்தாழ 85 பேர். வீழ்ச்சியே நடக்கவில்லை என்று ஆகவேண்டுமானால், காணாமல்போன 112 பேரில் 56 பேர், சரி பாதிப் பேர், நோயாளிகளாக இருக்கவேண்டும். ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக நோய் இருந்த கூட்டத்தில் இது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் பழைய 18.8 வீதமே இருந்தது என்று எடுத்தால்கூட மொத்தம் 50 பேர், 11.1 வீதம்தான். ஆக விடுபட்டவர்களால் மட்டும் வந்த வீழ்ச்சி அல்ல இது.

காரணத்தில்தான் நான் ஆய்வாளர்களோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். அதே கேள்விகளை இரண்டாம் தடவை கேட்டால் ஆட்கள் குறைவாகச் சொல்வார்கள் என்பது இந்தத் துறையில் தெரிந்த விடயம்.  இதை நம்பிக்கையிலிருந்து பிரித்தெடுக்க, இடம்பெயராத புத்தளத்துக்காரர்களையும் அதே இரண்டு தடவை கேட்டிருக்கவேண்டும். அப்படி ஒரு குழு இதில் இல்லை. இல்லாத குழுவை எந்த மென்பொருளும் செய்து தராது. இன்னொன்று: திரும்பியவர்களின் 10.3க்கும் இருந்தவர்களின் 8.6க்கும் ஆயிடைகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. இதை வைத்து 'ஊர் திரும்பியவர்கள் மேலும் வருந்துகிறார்கள்' என்று யாராவது மேடையில் பேசினால் நம்பவேண்டாம்.

ஒப்பிடுவதில் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. போர் முடிந்த கையோடு 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்து 2011இல் 'ஜாமா' இதழில் வந்த ஆய்வில் பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2, மனவடு நோய் 7.0. புத்தளத்தில் பதகளிப்பு 1.3. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாழ்ப்பாணம் 25 மடங்கு. ஆனால் யாழ்ப்பாணத்தில் அளந்த கருவி வேறு, அறிகுறிகளுக்குப் புள்ளி போட்டு ஓர் எல்லையைத் தாண்டினால் எண்ணும் ஹொப்கின்ஸ் பட்டியல். புத்தளத்தில் அளந்தது நோய் நிர்ணய விதிகளின்படி. ஒன்று போரின் சூடு ஆறுமுன், மற்றது இடம்பெயர்ந்து 20 வருடம் கழித்து. இரண்டு கோப்புகளையும் ஒன்றாக ஒட்டிப் பட்டை வரைபடம் போட மென்பொருளுக்கு ஒரு விநாடி போதும். அந்த வரைபடத்தை மாநாட்டில் காட்டினால் கைதட்டும் கிடைக்கும். அந்தக் கைதட்டில் நான் சேரமாட்டேன்.

புத்தளத்து ஆய்வுக் கட்டுரைகள் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மருத்துவ, தாதியர் மாணவர்கள் தேடி வாசியுங்கள். அதில் உங்களுக்கு ஒரு வீட்டுவேலை: மனவடு நோய் முதல் வருடம் 2.4 வீதம், 450இல் சுமார் 11 பேர். மறு வருடம் 0.3 வீதம், 338இல் ஒரே ஒருவர். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கை அந்த ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிடையின் கீழ் எல்லை சைபருக்கும் கீழே போய் மைனஸ் 0.3 என்று வரும். மைனஸ் வீதமானோருக்கு நோய் என்று ஒன்று உலகத்தில் இல்லை. சூத்திரம் எங்கே உடைந்தது, ஆர் அதற்கு என்ன மாற்று வழி வைத்திருக்கிறது என்று யோசித்து வையுங்கள். அடுத்த வாரம் அந்த ஒருவரிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)